சாண் அகலத்தில் மீட்டர் பாதை

(திருவண்ணாமலையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கொல்லையில் ரயில் பாதை போட்டதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ரயில் ஓடுவதைக் காட்டு என்றால் ஐந்து நிமிடம் போதும். பாதை போட்டதைச் சொல் என்றால் என் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா நம் விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் பாதையில் கேங்மேனாக இருந்தவர். பள்ளி விடுமுறையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு தண்டரைப் பக்கம் போவேன். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து, ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் பீட்டர் என்கிற கருவியால் ஜல்லியை இடித்துத் திணித்துக்கொண்டிருப்பார்கள். கேங் மேஸ்திரி கொஞ்ச தூரம் தள்ளிப் போய், தண்டவாளத்தின் மேல் கன்னம் படுகிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். கையை மட்டும் இப்படி அசைப்பார். ஆட்கள் கடப்பாறையைக் கொடுத்து ஒரே குரலில் சத்தம் போட்டு நெம்புவார்கள். தண்டவாளம் ஒரு நூல் நகரும். மேஸ்திரி மறுபடியும் குனிவார். அந்த ஒரு நூலைக் கண்ணால் பார்க்க எனக்கு நான்கு விடுமுறைகள் ஆயின. நான்காம் விடுமுறையில் அவர் பக்கத்தில் நானும் குனிந்து, வெயிலில் காய்ந்த இரும்பு வாசனை மூக்கில் ஏற, தூரத்தில் கம்பி லேசாக இடப்பக்கம் வயிறு தள்ளியிருப்பதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அப்பாவின் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது.

வண்டியை எல்லோரும் பார்க்கிறோம். எஞ்சினைப் படம் பிடிக்கிறோம். அதைத் தாங்குகிற மண்ணையும் ஜல்லியையும் யாரும் பார்ப்பதில்லை. அந்த மண்ணைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நம் ஊருக்கு ரயில் வந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1896-இல் மதுரையிலிருந்து வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டான். பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் காட்டவில்லை, திண்டிவனம்தான் பக்கம் என்று இருந்தது. அதை நம்பித் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினான். வழியில் ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயிலில் போகலாமே என்று சொன்னார். கையில் காசு போதாமல் மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, கீழூரில் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய், அதில் திருக்கோவிலூரிலிருந்து மறுபடி ரயில். செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் நம் ஸ்டேஷனில் இறங்கினான். உலகம் பின்னால் ரமண மகரிஷி என்று வணங்கியது அந்தப் பையனைத்தான். அவரைக் கொண்டுவந்து இறக்கியது மீட்டர்கேஜ் வண்டி. புத்தகத்தில் படம் பழையது, பாதை புதியது. அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்கள் யார் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

மீட்டர்கேஜ் என்ற பேரைக் கொஞ்சம் கவனியுங்கள், பிள்ளைகளே. அந்தக் காலத்தில் எல்லாம் அடி, அங்குலம். அப்படியிருக்க மீட்டர் எங்கிருந்து வந்தது? 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், அகலப் பாதைக்குச் செலவு அதிகம், சிக்கனமாக ஒரு பாதை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தியாவுக்கு மீட்டர் அளவு சீக்கிரம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். டெல்லிக்கும் ரேவாரிக்கும் நடுவே 1873-இல் முதல் வண்டி ஓடியது. கடைவீதியில் மீட்டரும் கிலோவும் வருவதற்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் முழக்கோலால் துணி அளந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் கேங்மேன்கள் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்தப் பாதை இப்போது இல்லை. அகலப் பாதையாக மாற்றுவதற்காகச் சில ஆண்டுகள் வண்டியை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து, 2010-இல் 1,676 மில்லிமீட்டர் அகலத்தில் திறந்தார்கள். நல்ல காரியம். சென்னையிலிருந்து நேராக வண்டி வருகிறது, பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அப்பா முப்பது வருஷம் ஜல்லி இடித்த பாதையைப் பெயர்த்து லாரியில் ஏற்றியபோது, ஸ்டேஷன் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் சாப்பிடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கணக்கு எனக்குக் கிடைத்தது. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் லேமன் என்ற பொம்மை நிறுவனம் 1968-இல் தோட்டத்தில் ஓடுகிற ரயிலை வெளியிட்டது. எல்.ஜி.பி. என்று பேர். மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கத் தக்கது. தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர், அளவு விகிதம் 1-க்கு 22.5. ஏன் இந்த இருபத்திரண்டரை? அவர்கள் மாதிரி எடுத்தவை அந்தப் பக்கத்து மீட்டர்கேஜ் ரயில்கள். 1,000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 44 மில்லிமீட்டரும் கொஞ்சமும் வரும், கிட்டத்தட்ட 45. ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைமேல் ஏறுகிற ரேட்டிய ரயிலும் மீட்டர்கேஜ்தான், நம் நீலகிரி ரயிலும் மீட்டர்கேஜ்தான். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 45 மில்லிமீட்டர் தண்டவாளம் இந்த விகிதத்தில் மீட்டர்கேஜ் பாதைதான். அப்பாவின் பாதையே ஏறத்தாழ அளவு பிசகாமல் சுருங்கி வந்திருக்கிறது. இன்றைய அகலப் பாதையை அதில் காட்ட வேண்டுமென்றால் விகிதத்தை 1-க்கு 37 என்று மாற்ற வேண்டும். மீட்டர்கேஜுக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம்.

விழுப்புரம் முதல் காட்பாடி வரை 161 கிலோமீட்டர். இந்த விகிதத்தில் போட்டால் 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கிரிவலப் பாதையில் பாதிதான். அதற்கு என் கொல்லையில் இடம் ஏது? 30 அடிக்கு 45 அடி. ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, கிணறு, துவைக்கிற கல். அதற்குள் ஒரு நீள்வட்டம், மொத்தம் 27 மீட்டர் பாதை. நிஜத்தில் அறுநூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஸ்டேஷன் அடங்கும்.

வளைவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கடையில் வருகிற மிகச் சின்ன வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 600 மில்லிமீட்டர். ரயில்வேயில் மீட்டர்கேஜுக்கு அனுமதித்த மிகக் கடுமையான வளைவு 16 டிகிரி, அதாவது ஏறத்தாழ 109 மீட்டர் ஆரம். நம் விகிதத்தில் அது 4.8 மீட்டர். அறுநூறு மில்லிமீட்டர் எங்கே, இது எங்கே? சின்ன வளைவில் பெரிய போகி போனால் ஓரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். நான் 2.4 மீட்டரில் நிறுத்தினேன். வேப்பமரத்தை வெட்டினால் மூன்று மீட்டர் கிடைத்திருக்கும். வெட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாதையை எதன்மேல் போடுவது?

நிஜப் பாதைக்கு ஜல்லி. அதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. ஜல்லி தண்ணீரை நிற்க விடாது, பாரத்தைப் பரப்பும், கொஞ்சம் இறங்கினால் மறுபடி இடித்துத் திணித்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் சரிசெய்ய தினம் ஒரு கேங் வேண்டும். என் கொல்லையில் நான் ஒரே ஆள், வயது அறுபது தாண்டிவிட்டது. வெளிநாட்டுப் புத்தகங்களில் மரச்சட்டத்தின்மேல் போடு என்று எழுதியிருக்கும். நம் மண்ணில் மரத்தை வைத்தால் கறையான் தின்றுவிட்டு ஏப்பம் விடும். வெறும் ஜல்லியைக் கொட்டினால் பெருச்சாளி அடியில் வளை தோண்டும், கோரை முளைக்கும், ஐப்பசி மழையில் செம்மண் தெறித்து ஜல்லியோடு கலந்து சேறாகும். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜல்லிமேல் சும்மா கிடந்த மூன்று துண்டுத் தண்டவாளத்தை ஒருநாள் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எடுத்துவந்தேன்.

ஆகவே கான்கிரீட் என்று முடிவு செய்தேன். பெரிய ரயிலிலும் இந்த வழி உண்டு. ஜப்பானின் அதிவேக ரயிலில் 1970-களிலிருந்தே கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம் போடுகிறார்கள். சென்னை மெட்ரோவில் ஏறியவர்கள் சுரங்க ஸ்டேஷனில் எட்டிப் பார்த்திருந்தால் ஜல்லியே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பெரிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தை ஒட்டிய பாதையில் கழுவிவிட வசதியாகக் கான்கிரீட் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் தினம் பீட்டர் பிடிக்க வேண்டாம். தப்பாகப் போட்டால் நெம்பிச் சரிசெய்ய முடியாது, உடைக்கத்தான் வேண்டும். நான் உடைத்தேன். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் வருஷம் சித்திரையில் வேலையைத் தொடங்கினேன். விடுமுறைக்குப் பேரன் வருவதற்குள் வண்டி ஓட வேண்டும் என்ற அவசரம். நீள்வட்டத்தைக் கோலமாவால் தரையில் போட்டு, ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியில் கிராவல் போட்டு இடித்து, இரண்டு பக்கமும் பலகை அடைத்து, கான்கிரீட்டைக் கொட்டினேன். 27 மீட்டருக்கு 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் என்றால் அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் மூன்றரை மூட்டை சிமெண்ட் பிடித்தது. நடுவில் எங்கும் இடைவெளி விடாமல் ஒரே வளையமாக வார்த்துவிட்டேன். கழுத்துச் செயின் மாதிரி அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் வேப்பமரத்துப் பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஆனி மாதத்துக்குள் ஆறு வெடிப்பு.

வெடிப்பைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐப்பசியில்தான் நிஜமான தண்டனை வந்தது. எங்கள் தெரு மேற்கே உயர்ந்து கிழக்கே இறங்குகிறது. மலையில் பெய்கிற மழை எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக, யாருக்கும் தெரியாமல், புல் நடுவே ஒரு விரல் ஆழத்தில் வழிந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அது போன வழி. அதன் குறுக்கே நான் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு கரை கட்டிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி எழுப்பினார். "எழுந்திருங்க, சமையல்கட்டுல தண்ணி." டார்ச் அடித்துப் பார்த்தேன். என் ரயில் பாதைக்கு மேற்கே குளம் மாதிரி தண்ணீர். கிழக்கே வெறும் ஈரம். முருங்கை மரம் தண்ணீருக்குள் நிற்கிறது.

மறுநாள் தெருக்கோடியிலிருக்கும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர். அந்த வளையத்தை ஒருமுறை சுற்றி நடந்தார், காலால் நாலு இடத்தில் தட்டினார். "சார், ரயிலு போற வழிய பாத்தீங்க. தண்ணி போற வழிய பாக்கலயே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் ரயில்வே சிவில் என்ஜினியரிங் முழுக்க இருக்கிறது. நம் பாதையில் விழுப்புரத்திலிருந்து வரும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். கரை மாதிரி உயர்த்திய மண்மேல் பாதை போகும். சின்னச் சின்ன மதகு, சிறுபாலம் என்று எண்ணிக்கொண்டே வரலாம். வருஷத்தில் பத்து நாள்கூடத் தண்ணீர் போகாத இடத்தில் ஏன் இவ்வளவு செலவு என்று தோன்றும். அந்தப் பத்து நாளுக்காகத்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னை–விழுப்புரம் பாதையில் வண்டிகளை நிறுத்தினார்கள். அதே மழையில், அந்த டிசம்பர் 1-ஆம் தேதி, நம் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேரை விழுங்கியதை இந்த அரங்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலைமேல் விழுகிற தண்ணீர் எப்படியும் இறங்கத்தான் செய்யும். மலைக்குக் கீழே ஒரு செங்கல் வைக்கிறவனும் அதைக் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும். என் கொல்லையில் நான் செய்த அதே தப்பை நாம் ஊர் அளவில் செய்துகொண்டிருக்கிறோம். வாய்க்காலின்மேல் படிக்கட்டு, கால்வாயின்மேல் கடை. மேடை கிடைத்தது என்று நான் அரசியல் பேசவில்லை. சம்மட்டி எடுத்து என் கான்கிரீட்டை நானே உடைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டாம் முறை வேலையைத் தை மாதத்தில் தொடங்கினேன். மழை முடிந்து, வெயில் ஏறாத காலம். ஆனால் அதற்கு முன்னால் கார்த்திகையிலேயே குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று, தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டேன். ஐந்து குச்சி வந்தது. ஐந்து இடத்திலும் கான்கிரீட்டுக்கு அடியில் நான்கு அங்குல பி.வி.சி. குழாய், ஒரு பக்கம் லேசாகச் சரித்து. வாயில் கம்பி வலை, இல்லாவிட்டால் எலி குடித்தனம் வரும். பெரிய பாதைக்கு மதகு என்ன வேலை செய்கிறதோ அதே வேலை.

அப்புறம் மட்டம். ரசமட்டம் இரண்டடி நீளம், 27 மீட்டரில் அதை வைத்துவைத்துப் போனால் தப்பு சேர்ந்துகொண்டே போகும். கொத்தனார் டியூப் லெவல் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி தெரிகிற பத்து மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பியது, அவ்வளவுதான். ஒரு முனையை அவர் பிடித்தார். இன்னொரு முனையைப் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் பிடித்தாள். "குமிழி இருக்கா பாரு பாப்பா" என்றார். அவள் டியூபை விரலால் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியையும் மேலே ஏற்றி வெளியே விட்டாள். ஒரு கடுகளவு குமிழி உள்ளே இருந்தாலும் இரண்டு முனையும் பொய் சொல்லும். பிறகு இருவரும் அசையாமல் நின்றார்கள். தண்ணீர் மேலும் கீழும் ஆடி, மெல்ல மெல்ல அடங்கி நின்றது. இந்த முனையில் ஒரு கோடு, அந்த முனையில் ஒரு கோடு. நடுவில் வேப்பமரம், கிணறு, ஒன்றும் பார்க்க முடியாது. ஆனாலும் இரண்டு கோடும் ஒரே மட்டம். நான் முப்பது வருஷம் வகுப்பில் திரவ அழுத்தம் நடத்தினேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அன்றைக்குப் பார்த்ததை அத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை.

மட்டம் பார்த்ததில் மேற்குக்கும் கிழக்குக்கும் 15 செ.மீ. வித்தியாசம் தெரிந்தது. மேற்கே பாதை தரையோடு தரையாக இருக்கிறது. கிழக்கே செங்கல் வைத்து ஒரு கரை மாதிரி உயர்த்தினோம். அதனால் வண்டி தரையிலிருந்து கிளம்பிக் கரைமேல் ஏறிப் போகிற மாதிரி தெரியும். நிஜப் பாதையும் இப்படித்தான், ஓரிடத்தில் வெட்டிய மண்ணை இன்னோரிடத்தில் கொட்டிப் போட்டது.

கான்கிரீட்டுக்குள் இரண்டு எட்டு மில்லிமீட்டர் கம்பி. கலவையில் தண்ணீர் அளவு முக்கியம். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அதற்குமேல் ஒரு சொம்பு கூட ஊற்றக் கூடாது. சித்தாள்கள் கலக்கச் சுலபமாக இருக்கிறது என்று ஊற்றிவிடுவார்கள், அந்தத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போன இடம்தான் பின்னால் வெடிப்பு. இரண்டு மீட்டருக்கு ஒரு இடத்தில் தெர்மாகோல் பட்டை வைத்து இடைவெளி விட்டோம். வேப்பமரத்துப் பக்கம் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வேர் தூக்கினால் அந்தத் துண்டு மட்டும் தூக்கட்டும் என்று. மேல்முகத்தை மணியாசுக் கட்டையால் தேய்த்து, வெளிப்பக்கம் ஒரு நூல் சரிவு கொடுத்தார் கொத்தனார். மழைத்தண்ணீர் ஸ்லீப்பருக்கு அடியில் தங்காது. பிறகு பத்து நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டினோம். காலை, மதியம், சாயங்காலம். அந்தப் பத்து நாள் பொறுமை இல்லாதவர்கள் கான்கிரீட் பக்கமே வரக் கூடாது.

இனி வெயில். தண்டவாளம் பித்தளை. பித்தளை ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 19 பங்கு நீளும். கேட்டால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். மார்கழி விடியற்காலையில் கம்பி 20 டிகிரி என்றால் அக்னி நட்சத்திர மத்தியானத்தில் 60 டிகிரி, கை வைக்க முடியாது. நாற்பது டிகிரி வித்தியாசத்துக்கு 27 மீட்டர் வளையம் முழுவதும் சேர்ந்து 20 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டும் நீளும், ஆனால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். கம்பியைக் கான்கிரீட்டோடு இறுக்கித் திருகிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? கம்பி பாம்பு மாதிரி நெளிந்து எழும். ஆகவே ஒன்றரை மீட்டர்த் துண்டு ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு திருகு. மற்ற இடத்தில் ஸ்லீப்பர் சும்மா உட்கார்ந்திருக்கும். மிதமான வெயில் நாளில் கோர்த்து, மூட்டுக்கு மூட்டு ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டேன். பழைய மீட்டர்கேஜில் 12 மீட்டர்த் தண்டவாளம், மூட்டை இணைக்க ஃபிஷ் பிளேட், நடுவில் சந்து. வண்டி தடக் தடக் என்று போன சத்தம் அந்தச் சந்தின் சத்தம்தான். இப்போது நீளமாக வெல்டிங் செய்துவிடுகிறார்கள், அந்தச் சத்தம் குறைந்துபோயிற்று. கோடையில் அப்பா மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வருவார், எங்கேயாவது கம்பி நெளிந்திருக்கிறதா என்று. செருப்பு தார்போல் ஒட்டும் என்பார்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் அடிச்சட்டம் பழையது ஒன்று கிடைத்தது, மேல்கூடு நான் செய்தேன். போகி மூன்று, தேக்கு ரீப்பரிலும் அலுமினியத் தகட்டிலும். பழைய மீட்டர்கேஜ் போகியின் செங்காவி நிறம். தண்டவாளத்தில் கரண்ட் விடவில்லை, பித்தளை மழையில் பச்சை பூத்து மின்சாரம் சரியாகப் போகாது, தினம் தேய்க்க வேண்டும். வண்டிக்குள்ளேயே பேட்டரி, கையில் ரிமோட். புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கி 1998-இல் திறந்த சின்ன ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் என் வண்டியைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். பாதையைப் பார்த்தால் ஏமாற மாட்டார்கள்.

பாதை முடிந்த அன்று அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்கு அழைத்துவந்தேன். கண் பார்வை மங்கிவிட்டது. வண்டியை ஓட்டிக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு, "நிறுத்துடா" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, கையை ஊன்றி, கன்னத்தைக் கான்கிரீட்மேல் வைத்தார். ஒரு கண்ணை இடுக்கினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்புறம் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை மட்டும், இப்படி, வெளிப்பக்கமாக அசைத்தார்.

கிணற்றோரம் மூன்றாம் துண்டு. போய் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே வாங்கியிருந்தது. திருகைத் தளர்த்தி நகர்த்தினேன். மறுபடி கன்னத்தை வைத்துப் பார்த்தார். இந்தமுறை கை அசையவில்லை. அந்த வருஷம் தீபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போய்விட்டார்.

வருகிற தை மாதம் இரண்டாம் பாதை போடுகிறோம். துரிஞ்சாபுரம் பக்கம் போவதாக வைத்துக்கொண்டு, கிணற்றைச் சுற்றி ஒரு கிளைப் பாதை, எட்டு மீட்டர். டியூப் லெவல் பிடிக்க அந்தப் பெண் வருகிறாள், இப்போது பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். கொத்தனாருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் வர விருப்பமுள்ளவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால், இந்த ஐப்பசி கார்த்திகை மழையில், உங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துவாருங்கள். பழைய சாக்கு இருந்தால் அதையும். பத்து நாள் போர்த்த வேண்டும், என்னிடம் நான்குதான் இருக்கிறது.